குடி என்று பெயர் பெற்ற மறதி நோய்: நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் வாழ்க்கை சொல்லும் பாடம்

1976ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 57 வயதுப் பெண்மணி ஒருவர் விமானத்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டார். பயணத்தின்போது அவர் கடுஞ்சினம் கொண்டு கூச்சலிட்டதாகச் சொல்லப்பட்டது. கலைந்த தலையும் குழம்பிய முகமுமாக நின்ற அவரைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டனர். அந்தப் படங்கள் பல நாடுகளின் நாளிதழ்களில் வெளியாயின. பார்த்தவர்களில் பெரும்பாலோர், "குடி அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது" என்றே எண்ணினர்.

அந்தப் பெண்மணி ரீட்டா ஹேவொர்த். 1940களில் உலகிலேயே மிகுதியாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட ஹாலிவுட் நடிகைகளுள் ஒருவர். அவருக்கு வந்திருந்தது அல்சைமர் நோய் என்பது 1980இல்தான் கண்டறியப்பட்டது. அதற்குள் அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் பல ஆண்டுகளாக அவரைக் குடிகாரர் என்றே பேசிவந்தனர்.

நரம்பியல் மருத்துவர் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நோய் ஒன்றுக்குத் தவறான பெயர் வைத்துவிட்டால் அதன் விளைவை நோயாளியும் குடும்பமும் எத்தனை ஆண்டுகள் சுமக்க நேர்கிறது என்பதற்கு அது தெளிவான சான்று. அதே தவறு நம் வீடுகளிலும் நிகழ்கிறது. மருத்துவமனைகளிலும் நிகழ்கிறது.

மார்கரீட்டா, ரீட்டாவான கதை

1918ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மார்கரீட்டா கார்மென் கான்சினோ. தந்தை எடுவார்டோ ஸ்பெயின் நாட்டு நடனக் கலைஞர். தாய் வோல்காவும் மேடை நடனக்காரர். குடும்பத் தொழிலே நடனம் என்பதால் சிறு வயதிலேயே மகளுக்கும் பயிற்சி தொடங்கிவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவர் தந்தைக்கு இணையாக மேடையேறினார். அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோவின் டிஹுவானா நகர விடுதிகளில் இரவு நேரங்களில் ஆடினார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. அந்த ஆண்டுகளில் தந்தையாலேயே அவர் கொடுமைக்கு ஆளானார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

திரைத்துறைக்கு வந்தபின் பெயர் மாறியது. தாய்வழிக் குடும்பப் பெயரான ஹேவொர்த் அவருக்கு அமைந்தது. கருங்கூந்தல் செந்நிறமாக்கப்பட்டது. நெற்றி அகலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னெற்றி முடியின் வேர்களை மின்சாரத்தால் பொசுக்கி நீக்கினார்கள். வலி மிகுந்த அந்தச் சிகிச்சை பலமுறை செய்யப்பட்டது. கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன் அவரை முதல்நிலை நட்சத்திரமாக உயர்த்தினார்; கூடவே இறுக்கமான கட்டுப்பாட்டிலும் வைத்திருந்தார். 1941இல் 'லைஃப்' இதழில் வெளியான அவருடைய புகைப்படத்தை இரண்டாம் உலகப் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் பெட்டிகளில் வைத்திருந்தனர். ஃபிரெட் அஸ்டேருடன் இரண்டு படங்களில் நடனமாடினார். 1946இல் வெளிவந்த 'கில்டா' அவருடைய புகழின் உச்சம். அதே ஆண்டு பிகினி பவளத்தீவில் சோதிக்கப்பட்ட அணுகுண்டு ஒன்றின் மேல் அவருடைய படத்தை ஒட்டி, 'கில்டா' என்றும் எழுதினார்கள்.

திரையில் துணிச்சலும் கவர்ச்சியுமாகத் தோன்றிய அவர், நேரில் கூச்சமும் அமைதியும் மிக்கவர் என்றே உடன் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கில்டாவை எதிர்பார்த்து வந்த ஆண்களுக்குத் தாம் ஏமாற்றமாகவே அமைந்ததாக அவர் வருந்தியதும் உண்டு. ஐந்து முறை மணம் புரிந்தார். ஐந்தும் மணமுறிவில் முடிந்தன. இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் மூலம் ரெபெக்கா, இளவரசர் அலி கான் மூலம் யாஸ்மின் என இரு மகள்கள். மணவாழ்வின் முறிவுகளுக்கும் தொழில் நெருக்கடிகளுக்கும் இடையே மது அவருடைய வாழ்வில் இடம்பிடித்தது. அதை மறுப்பதற்கில்லை. தாய்க்குக் குடிப்பழக்கச் சிக்கல் இருந்ததைத் தாம் குழந்தையாக இருந்தபோதே உணர்ந்திருந்ததாக யாஸ்மினும் கூறியிருக்கிறார்.

பின்னாளில் வந்த மூளை நோயை யாரும் கண்டுகொள்ளாமல் போனதற்கு இந்தப் பழைய உண்மையே காரணமாகிவிட்டது.

வசனம் நினைவில் நிற்கவில்லை

1971இல் மேடை நாடகம் ஒன்றின் முக்கிய வேடத்துக்கு அவரை அழைத்தார்கள். வசனங்களை மனப்பாடம் செய்ய இயலாததால் அந்த வாய்ப்பு கைகூடவில்லை. அவர் கடைசியாக நடித்தது 1972இல் வெளியான 'தி ராத் ஆஃப் காட்' என்னும் படம். அதில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தே காட்சிகளைப் படமாக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 53. பன்னிரண்டு வயது முதல் மேடையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் வாழ்ந்தவருக்கு இரண்டு வரி நினைவில் நிற்கவில்லை. தொழிலில் அக்கறை குறைந்துவிட்டது என்றும், குடித்துவிட்டு வருகிறார் என்றும் பேச்சு எழுந்தது.

1974இல் அவருடைய உடன்பிறந்த சகோதரர் இருவரும் ஒரே வாரத்துக்குள் காலமானார்கள். அந்தத் துயரத்துக்குப் பின் அவர் மேலும் மிகுதியாகக் குடிக்கத் தொடங்கினார் என்று சொல்லப்பட்டது. 1976இல் மேலே கூறிய விமான நிலையச் சம்பவம். மறு ஆண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதும் மதுவே காரணமாகப் பேசப்பட்டது. 1980இல்தான் நோய்க்கு உரிய பெயர் கிடைத்தது. வசனம் மறக்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், இடையில் ஒன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

ஏன் தவறவிட்டார்கள்?

அன்றைய மருத்துவர்கள் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. அல்சைமர் நோயை ஜெர்மனியின் மனநல மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகின் முன் வைத்தார். அவர் விவரித்த நோயாளியும் ஐம்பதுகளில் இருந்த பெண்மணியே. ஆயினும் 1970கள் வரை அது மிக அரிய நோய் என்றே கருதப்பட்டது. முதியவர்களுக்கு வரும் மறதி வயதின் இயல்பு என்று ஒதுக்கப்பட்டது. மூளையின் மாற்றங்களை உயிரோடு இருக்கும் நோயாளியிடம் காட்டக்கூடிய கருவிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன.

இரண்டாவது காரணம் வயது. 65 வயதுக்கு முன்பு தொடங்கும் மறதி நோயை 'இளவயது மறதி நோய்' என்கிறோம். இது ஒப்பளவில் குறைவாகவே காணப்படுவதால், ஐம்பது வயதுக்காரர் தடுமாறும்போது மனச்சோர்வு, குடும்பப் பிரச்சினை, பணிச்சுமை, மது ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. மேலும், இளம் வயதில் தொடங்கும் அல்சைமர் நோய் எப்போதும் மறதியாகவே தொடங்குவதில்லை. சொற்கள் கிடைக்காமல் தடுமாறுதல், திட்டமிட இயலாமை, கண்முன் இருக்கும் பொருளை இனங்காண இயலாமை, சினம், குணமாற்றம் ஆகியவை முந்திக்கொண்டு வரக்கூடும்.

மூன்றாவது காரணம், ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்த பெயர். ஒருவரைக் 'குடிகாரர்' என்று முடிவு செய்துவிட்டால், அதற்குப்பின் அவரிடம் தோன்றும் ஒவ்வொரு புதிய மாற்றமும் அந்தப் பெயரின் கீழேயே எழுதப்படுகிறது. வேறு நோய் இருக்குமோ என்ற கேள்வியே எழுவதில்லை.

மதுவும் மறதியும்: உண்மையான தொடர்பு

மதுவுக்கும் மறதிக்கும் தொடர்பே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. தொடர்பு பல வகையில் உண்டு; அவற்றைப் பிரித்தறிவதே மருத்துவரின் பணி.

முதலாவதாக, நீண்டகாலம் மிகுதியாக மது அருந்துவது மூளையை நேரடியாகப் பாதிக்கிறது. மறதி நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

இரண்டாவதாக, மது அருந்துவோர் சரியாக உண்பதில்லை. அதனால் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 உடலில் வற்றிவிடுகிறது. திடீர்க் குழப்பம், நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு ஆகியவை தோன்றுகின்றன. பார்ப்பவர்களுக்கு இது போதை போலவே தெரியும். உடனே தயமின் ஊசி செலுத்தினால் மீட்க இயலும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பழுதடையும்.

மூன்றாவதாக, போதையில் கீழே விழுந்து தலையில் அடிபடுகிறவர்களுக்கு மூளையின் மேலுறையின் கீழ் இரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கலாம். அடிபட்டதையே குடும்பத்தார் மறந்துவிட்ட நிலையில், பல வாரங்களுக்குப் பிறகு தூக்கக் கலக்கமும் குழப்பமும் வரும். சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

நான்காவது, ஹேவொர்த்தின் கதையோடு நெருங்கியது. அல்சைமர் போன்ற நோயால் ஏற்கெனவே தளர்ந்துவிட்ட மூளை சிறிதளவு மதுவையும் தாங்குவதில்லை. முன்பு எந்த மாற்றமும் காட்டாத அளவே இப்போது பெருங்குழப்பத்தை உண்டாக்கும். எவ்வளவு குடித்தோம் என்பதையே நோயாளி மறந்து மீண்டும் குடிப்பதும் உண்டு. நோய் தொடங்கியதை உள்ளூர உணர்ந்து, அந்த அச்சத்தை மறக்கக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தகையோரிடம் மது இருப்பதும் உண்மை, மூளை நோய் இருப்பதும் உண்மை. ஒன்றைக் கண்டதும் மற்றொன்றைத் தேடாமல் விடுவதே நாம் செய்யும் பிழை.

ஹேவொர்த்தின் வாழ்விலும் எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று இன்று துல்லியமாகக் கோடு கிழிக்க இயலாது. இளமையில் பட்ட காயங்கள் இருந்தன, மது இருந்தது, பின்னர் அல்சைமர் நோயும் வந்து சேர்ந்தது. 1940களில் அவரோடு வாழ்ந்த ஆர்சன் வெல்ஸ், அவருடைய சீற்றங்கள் வெளித்தோற்றத்தில் மட்டுமே குடிநோயை ஒத்திருந்தன என்ற கருத்தைப் பின்னாளில் வெளியிட்டார். ஆனால் இருபத்தைந்து வயதுச் சினத்துக்கு அல்சைமர் காரணமாயிருந்திருக்க முடியாது. நோயின் பெயர் தெரிந்தபின் கடந்தகாலம் முழுவதையும் அதன் கணக்கில் எழுதுவதும் அவசர முடிவே ஆகும்.

நான் கேட்கத் தவறிய ஒரு வாக்கியம்

இங்கே என்னுடைய அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.

மேற்படிப்பு மாணவனாக நான் இரவுப்பணியில் இருந்தபோது, ஐம்பதைத் தாண்டிய ஒருவரை அவருடைய மனைவி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துவந்தார். அவரிடம் மது வாடை இருந்தது. எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் பேசினார். காயம் எதுவும் இல்லை. சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தன. அந்த அம்மையார் என்னிடம், "இவரு இருபது வருஷமா குடிக்கிறாரு சார். ஆனா நம்ம தெருவே தெரியாம நின்னது இந்த மாசந்தான்" என்றார். நான் தலையசைத்தேன். நோயாளிக் குறிப்பில் 'மது போதை' என்று எழுதினேன். காலையில் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

எட்டு மாதங்கள் கழித்து அவரை நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் மீண்டும் கண்டேன். இம்முறை மகனும் உடன் வந்திருந்தார். இடையில் இரண்டு முறை குடிமறுவாழ்வு மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். மது முற்றிலும் நின்று மூன்று மாதங்கள் ஆகியும் தடுமாற்றம் கூடிக்கொண்டே போனதால்தான் யாரோ எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். பரிசோதனைகளின் முடிவில் அல்சைமர் நோய் என்று என் பேராசிரியர் விளக்கியபோது, மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த எட்டு மாசமா அப்பாகிட்ட நான் முகங்கொடுத்துப் பேசவே இல்ல சார்" என்றார்.

அன்றிரவே நோயைக் கண்டிருந்தாலும் அதை என்னால் குணப்படுத்தியிருக்க இயலாது. ஆனால் அந்த எட்டு மாதங்கள் வேறுவிதமாகக் கழிந்திருக்கும். அந்த மனைவி நோயின் வரலாற்றை ஒரே வாக்கியத்தில் எனக்குச் சரியாகச் சொல்லிவிட்டார். பழக்கம் இருபது ஆண்டுகளாக இருக்கிறது, மாற்றம் இந்த மாதம்தான் வந்தது என்றார். பழைய காரணம் ஒன்றினால் புதிய மாற்றத்தை விளக்கிவிட முடியாது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அதன்பின், "எப்போதிலிருந்து மாறினார்?" என்ற கேள்வியை நான் எந்தக் குடும்பத்திடமும் கேட்காமல் விட்டதில்லை.

எந்த மாற்றங்களைக் கவனிக்க வேண்டும்?

வயது கூடும்போது பெயர்கள் உடனே நினைவுக்கு வராமல் சற்று நேரம் கழித்து வருவது, மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது ஆகியவை இயல்பானவை. கீழ்க்காண்பவை அவ்வாறானவை அல்ல.

• அண்மையில் நடந்தவற்றை அடியோடு மறப்பது. ஒரே கேள்வியைச் சில நிமிடங்களுக்குள் மீண்டும் மீண்டும் கேட்பது.

• பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையில் தடுமாறுவது. சமையலில் வரிசை மாறுவது, கடைக்கணக்கு தவறுவது, வங்கிப் படிவத்தை நிரப்ப இயலாமை ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

• பழகிய இடத்திலேயே வழி தவறுவது.

• எளிய சொற்கள் கிடைக்காமல், "அது, இது" என்று சுற்றி வளைத்துப் பேசுவது.

• பொருளைப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டு, பிறர் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டுவது.

• குணம் மாறுவது: சாந்தமானவர் சீறுவது, கலகலப்பானவர் ஒதுங்குவது, சிக்கனக்காரர் பணத்தை வாரியிறைப்பது.

• குளிப்பது, உடை மாற்றுவது ஆகியவற்றில் அக்கறை குறைவது.

இவற்றுள் ஒன்றோ பலவோ சில மாதங்களாகத் தொடர்ந்தால், 'வயதாகிவிட்டது' என்றோ 'குடியின் விளைவு' என்றோ முடிவு செய்யாமல் மருத்துவரை அணுகுங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ திடீரென்று குழப்பம் வந்தால் அது அவசர நிலை. கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம், தலைக்காயம் என்று உடனடி சிகிச்சை தேவைப்படும் காரணங்கள் இருக்கலாம்.

மருத்துவமனையில் என்ன செய்கிறோம்?

மறதிக்கான பரிசோதனையில் முதலிடம் உரையாடலுக்கே. நோயாளியிடம் தனியாகவும், அவரோடு வாழ்கிறவரிடம் தனியாகவும் பேசுவோம். எது முதலில் மாறியது, எப்போது மாறியது, படிப்படியாகக் கூடியதா, திடீரென்று வந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் பேருதவியாக இருக்கும். அருந்தும் மருந்துகள் அனைத்தையும், தூக்க மாத்திரைகளும் கடையில் நேரடியாக வாங்கியவையும் உட்பட, எடுத்து வாருங்கள். சில மருந்துகளே நினைவாற்றலை மந்தமாக்கும். மது அருந்தும் அளவை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை.

அடுத்து, நினைவாற்றல், மொழி, கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றுக்கான எளிய வினாத்தேர்வு. பிறகு இரத்தப் பரிசோதனைகள்: வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, உப்புச்சத்து, சிறுநீரகம், கல்லீரல், தேவைக்கேற்பச் சில தொற்றுகள். மூளைக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, மூளையைச் சுற்றித் தேங்கிய இரத்தம், மூளை நீர் தேக்கம் ஆகியவற்றால் வரும் மறதியைச் சிகிச்சையால் குறைக்கவோ நீக்கவோ இயலும். காலம் தாழ்த்தாமல் வரச்சொல்வதற்கு இது முதன்மைக் காரணம்.

நீண்டகாலம் குடித்துவருபவர், மறதி வந்துவிட்டதே என்று அஞ்சி மதுவை வீட்டிலேயே ஒரேநாளில் நிறுத்த வேண்டாம். நடுக்கம், வலிப்பு, கடும் மனக்குழப்பம் ஆகியவை வரக்கூடும்; சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

நோய் உறுதியானால்

அல்சைமர் நோயில் அமிலாய்டு, டாவ் என்னும் இரு புரதங்கள் மூளையில் முறைதவறிச் சேர்கின்றன. அறிகுறி தோன்றுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே இம்மாற்றம் தொடங்கிவிடுகிறது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. டோனபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் ஆகிய மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைச் சிலகாலம் தணிக்கின்றன. அமிலாய்டைக் குறிவைக்கும் புதிய ஊசிமருந்துகள் அண்மை ஆண்டுகளில் சில நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. தொடக்க நிலை நோயாளிகளில் தகுதியுடைய சிலருக்கே அவை பொருந்தும், பலன் மிதமானது, மூளையில் வீக்கம், இரத்தக்கசிவு போன்ற பக்கவிளைவுகளுக்காகக் கண்காணிப்பு வேண்டும்.

மருந்தைவிடப் பெரிய மாற்றம் வீட்டில் நிகழ வேண்டும். நோயாளி வேண்டுமென்றே அடம்பிடிப்பதில்லை என்பதைக் குடும்பத்தில் அனைவரும், சிறு பிள்ளைகள் உட்பட, புரிந்துகொள்ள வேண்டும். அவர் சொல்வது தவறானாலும் வாதிட்டுத் திருத்த முயல வேண்டாம்; பேச்சை மெல்ல வேறு திசைக்குத் திருப்புங்கள். நாள்தோறும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். சமையல் எரிவாயு, வாகனச் சாவி, மருந்துப்பெட்டி ஆகியவற்றில் கவனம் தேவை. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவருடைய சட்டைப்பையிலோ கழுத்திலோ இருக்கட்டும். உயில், வங்கிக் கணக்கின் நியமனதாரர் போன்றவற்றை, அவர் தெளிவாக முடிவெடுக்கக்கூடிய தொடக்க நிலையிலேயே, அவருடைய விருப்பத்தைக் கேட்டுச் செய்துமுடியுங்கள்.

பராமரிப்பவரின் உடல்நலமும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சுமை மனைவி, மகள், மருமகள் ஆகியோருள் ஒருவர்மீது முழுவதுமாக விழுகிறது. வாரத்தில் சில மணி நேரமாவது மற்றவர் பொறுப்பேற்று அவருக்கு ஓய்வு தர வேண்டும். அவருக்கே உறக்கமின்மையோ மனச்சோர்வோ இருந்தால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள். மூத்தோருக்கான உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான 'டெலி மானஸ்' எண் 14416 ஆகிய இரண்டும் கட்டணமில்லாதவை.

"எங்களுக்கும் வருமா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரும்பாலானோரிடம் இது நேரடியாகப் பரம்பரையில் இறங்கும் நோய் அன்று. மிக இளம் வயதில், பல தலைமுறைகளில் கண்ட குடும்பங்களுக்கு மட்டுமே மரபணு ஆலோசனை தேவைப்படும். 'லான்செட்' ஆய்விதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைச் சுட்டியது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகை, மிகுதியான மது, தலைக்காயம், கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றுள் சில. இவை அனைத்தும் களையப்பட்டால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆகவே இது யாரோ சிலரின் வீட்டுச் சங்கதி அன்று.

மகள் செய்தது

1981இல் நீதிமன்றம் ஹேவொர்த்தைப் பராமரிக்கும் பொறுப்பை மகள் யாஸ்மினிடம் ஒப்படைத்தது. அவர் தாயை நியூயார்க்குக்கு அழைத்துவந்து, தம் இல்லத்தை அடுத்த குடியிருப்பிலேயே வைத்துப் பராமரித்தார். அதைவிட அரிய ஒன்றையும் செய்தார். தாய்க்கு வந்திருப்பது அல்சைமர் நோய் என்று குடும்பம் வெளிப்படையாக அறிவித்தது. அந்த நோயின் பெயரையே பலர் கேள்விப்பட்டிராத காலம் அது. புகழ்பெற்ற ஒருவரின் முகத்தோடு அந்தப் பெயர் மக்களிடம் போய்ச்சேர்ந்தது. எத்தனையோ வீடுகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்த துன்பத்துக்குப் பெயர் கிடைத்தது. யாஸ்மின் தொடர்ந்து அந்நோய்க்கான சங்கங்களில் பணியாற்றி, தாயின் பெயரில் விழாக்கள் நடத்தி ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார்.

1987ஆம் ஆண்டு மே 14 அன்று ரீட்டா ஹேவொர்த் தம் 68ஆம் வயதில் காலமானார். நோயை மறைக்காமல் வெளிப்படுத்திய அவருடைய குடும்பத்தின் துணிவைப் பாராட்டி, அன்றைய அமெரிக்க அதிபரும் முன்னாள் திரைப்பட நடிகருமான ரொனால்ட் ரீகன் இரங்கல் தெரிவித்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1994 நவம்பரில், தமக்கும் அல்சைமர் நோய் வந்திருப்பதாக ரீகனே நாட்டு மக்களுக்குக் கடிதம் எழுதி அறிவித்தார்.

உங்கள் வீட்டில் ஒருவர் அண்மைக்காலமாக மாறியிருந்தால், அவர்மேல் ஏற்கெனவே இருக்கும் குறையை ஒரு நாளைக்கு ஒதுக்கிவையுங்கள். அவர் குடிப்பவராக இருக்கலாம், கோபக்காரராக இருக்கலாம், யார் சொல்லையும் கேளாதவராகவும் இருக்கலாம். அவை எல்லாம் எத்தனை ஆண்டுகளாக இருக்கின்றன, இப்போது புதிதாக வந்திருப்பது என்ன என்று மட்டும் எழுதிக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளிலிருந்தே எங்கள் பரிசோதனையைத் தொடங்குவோம்.